கூரை போன வால்வோ: டர்பனில் ஒரு திறந்த 122எஸ்

அக்கா மகனின் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார்தான் வேண்டும் என்று வீட்டில் முடிவானபோது, அதைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நாற்பது ஆண்டுகள் மோட்டார் உதிரிபாகக் கடையில் நின்றவன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கல்யாணங்களுக்கு வாடகைக்குக் கிடைக்கும் திறந்த கார்களில் பெரும்பாலானவை புதிய ஜெர்மன் கார்கள். பணம் கொடுத்தால் யாருக்கும் கிடைக்கும். எனக்கு அகப்பட்டதோ 1966-ஆம் ஆண்டின் இரண்டு கதவு வால்வோ 122எஸ். அதன் இரும்புக் கூரையை அறுத்தெடுத்துவிட்டு மடக்கும் துணிக்கூரை பொருத்தியிருந்தார்கள். கல்யாணத்துக்கு முந்தைய சனிக்கிழமை ஓட்டிப் பார்ப்பதற்கு ஒரு நாள், கல்யாணத்துக்கு ஒரு நாள் என இரண்டு நாள் எடுத்தேன். இந்தக் காரை எடுக்க நினைப்பவர்களும், தம் பழைய காரின் கூரையை வெட்டிவிடலாமா என்று யோசிப்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறேன்.

நம் ஊர்ப் பெரியவர்களுக்கு இந்தக் கார் புதிதல்ல. சுவீடனில் இதன் பெயர் அமேசான். ஜெர்மனியில் கிரெய்ட்லர் என்னும் மோட்டார் சைக்கிள் நிறுவனம் அந்தப் பெயரைத் தனக்கு உரிமையாக்கி வைத்திருந்ததால், வெளிநாடுகளில் 121, 122 என்று எண்களாலேயே இது அழைக்கப்பட்டது. 1956 முதல் 1970 வரை ஏறத்தாழ 6,67,000 கார்கள் செய்யப்பட்டன. அறுபதுகளில் பாகங்களாகக் கப்பலில் வந்து டர்பனிலேயே பொருத்தப்பட்டும் விற்கப்பட்டன. ஆசிரியர், கடைக்காரர் என்று கொஞ்சம் நிலைபெற்ற நம் குடும்பங்களில் ஒரு வால்வோ வாங்கிவிட்டால் அதையே இருபது ஆண்டுகள் வைத்திருப்பார்கள். என் அப்பா வைத்திருந்த நான்கு கதவு 122-ஐ விற்ற நாளில் அம்மா சாப்பிடவில்லை.

யான் வில்ஸ்கார்ட் வரைந்த அந்த உடல்வடிவத்தில் கூரை ஒரு முக்கியமான அங்கம் என்பதால், அதை வெட்டினால் அழகு கெட்டுவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். நேரில் பார்த்தபோது அந்த எண்ணத்தைப் பாதி மாற்றிக்கொண்டேன். கதவின் மேல்விளிம்பிலிருந்து பின்விளக்கு வரை ஓடும் தோள்கோடு, கூரை இருந்தபோது கண்ணில் படாதது, இப்போது தடையின்றி நீளமாகத் தெரிகிறது. இரண்டாகப் பிரிந்த முன்கிரில், கனத்த குரோமியப் பம்பர், வெளிர்நீல வண்ணம் ஆகியவை அப்படியே இருக்கின்றன. துணிக்கூரையை ஏற்றிவிட்டுப் பார்த்தால் மட்டும் கார் தலைப்பாகையை அவசரமாகக் கட்டிக்கொண்டது போல் இருக்கிறது. பின்பக்கம் துணி புடைத்து நிற்கிறது.

வால்வோ நிறுவனம் அமேசானைத் திறந்த காராகச் செய்ததே இல்லை. பிரஸ்ஸல்ஸில் ஜாக் கூன் என்ற உடற்கூட்டுக் கலைஞர் அறுபதுகளின் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கார்களை இவ்வாறு மாற்றினார். அவற்றைத் தவிர உலகில் இருப்பவை எல்லாம் யாரோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் துணிந்து அறுத்தவையே. நிறுவனம் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. அமேசானுக்கு முன்பே பி1900 என்ற கண்ணாடியிழை உடல்கொண்ட திறந்த கார் ஒன்றை அது செய்து பார்த்தது. 1956-இல் தலைமைப் பொறுப்பேற்ற குன்னார் எங்கெலாவ் அதை ஒருமுறை நெடுந்தூரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, இந்தத் தரத்தில் ஒரு வால்வோ வெளியே போகக்கூடாது என்று உற்பத்தியையே நிறுத்திவிட்டார். 70-க்கும் குறைவான கார்களே விற்பனைக்குப் போயிருந்தன. எனவே கூரையில்லாத ஒரு வால்வோவை ஓட்டிப் பார்க்கும் எவருக்கும் முதலில் எழ வேண்டிய கேள்வி, எங்கெலாவ் இதை விட்டிருப்பாரா என்பதுதான்.

அமேசானுக்குத் தனியாக அடிச்சட்டம் (சேசி) கிடையாது. தரை, பக்கச்சுவர், கூரை எல்லாம் ஒன்றாகப் பற்றவைக்கப்பட்ட ஒரே கூடு அது. உம்கேனி சாலையில் இருந்த லயன் தொழிற்சாலையின் தீப்பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். மேலுறையோடு இருக்கும்போது முறுக்கிப் பார்த்தால் எளிதில் வளையாது. உறையைக் கழற்றிவிட்டு உள்தட்டை மட்டும் முறுக்கினால் விரல்களுக்கிடையே துவண்டுவிடும். கூரையை வெட்டிய காரும் அந்த உள்தட்டுதான். இழந்த பலத்தைக் கீழேதான் திருப்பிக் கொடுக்க முடியும். கதவுக்கு அடியில் முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டியை, பட்டறைகளில் சில் என்று சொல்வதை, உள்ளே இன்னொரு பெட்டி வைத்து இரட்டிப்பாக்க வேண்டும். இரண்டு சில்களையும் முன்னிருக்கைக்கு அடியில் குறுக்குச் சட்டத்தால் பிணைக்க வேண்டும். பின்னிருக்கைக்குப் பின்னால் ஒரு சுவரை நிறுத்த வேண்டும். முன்கண்ணாடியின் இரு தூண்களுக்கும் உள்ளே தகடு வைக்க வேண்டும். ஆகவே கூரையை எடுத்தால் கார் எடை குறையும் என்று எண்ணுவது பிழை. ஒழுங்காகச் செய்த வேலையில் எடை கூடத்தான் செய்யும்.

வேலை முடிந்து மூடிவிட்ட பிறகு இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது? ஒரு பழைய பட்டறை வழி இருக்கிறது. காரின் உரிமையாளர் ரிசர்வாயர் ஹில்ஸைச் சேர்ந்த நம் பையன். முப்பத்தைந்து வயது இருக்கலாம். நான் கதவிடுக்கில் ஐந்து ரேண்ட் நாணயத்தைச் செருகி மேலும் கீழும் இழுத்துப் பார்ப்பதைக் கண்டு சிரித்துவிட்டு, “அங்கிள், ஜாக்கி போட்டே பாருங்கள்” என்று அவராகவே டிக்கியைத் திறந்தார். முன் வலது சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கி வைத்துச் சக்கரம் தரையை விடும்வரை தூக்கினோம். பலமில்லாத உடலென்றால் இந்த நிலையில் கதவிடுக்கு மேலே ஒடுங்கி, கதவு தூணில் உரசும். சில கார்களில் கதவைத் திறக்கவே முடியாது. இந்தக் காரில் கதவு திறந்தது, மூடியபோது அதே கனத்த சத்தத்துடன் ஒரே தட்டில் பூட்டிக்கொண்டது. நாணயம் மேலே கொஞ்சம் இறுக்கமாகப் போனது, அவ்வளவே. கீழே படுத்துப் பார்த்தேன். சில்லின் பற்றவைப்பு இடைவிடாமல் ஓடுகிறது. மழைநீர் வடியும் துளைகளை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். உள்ளே மெழுகு பாய்ச்சியதன் பழுப்புநிறக் கசிவு துளையோரத்தில் தெரிந்தது. கடற்காற்று தின்னும் இந்த ஊரில் அந்தத் துளைகளை அடைத்திருந்தால் புதிய பெட்டி ஐந்தாறு ஆண்டில் உள்ளிருந்தே அரித்துவிடும். கண்ணில் படாத இடத்தில் செலவு செய்த பேனல் பீட்டரை, அதாவது தகடு வேலைக்காரரை, நான் மதிக்கிறேன். யார் என்று கேட்டேன். அவர் இப்போது தொழிலை விட்டுவிட்டாராம்.

ஓட்டிப் பார்க்கச் சாட்ஸ்வர்த்திலிருந்து பைன்டவுன் போய், ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஏறி, ஹில்கிரஸ்ட் வழியாகப் பழைய நெடுஞ்சாலையில் போத்தாஸ் ஹில் வரை சென்று திரும்பினேன். கொம்ரேட்ஸ் மாரத்தான் ஓட்டக்காரர்களின் முழங்காலைப் பதம்பார்க்கும் பாதைதான். பழைய காருக்கும் அதைவிட நல்ல பரீட்சை இல்லை. 1,778 சி.சி. பி18 எஞ்சின், இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், நான்கு கியர். ஐந்து தாங்கிகளில் கிராங்க் சுழலும் இந்த எஞ்சினின் உழைப்பைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. இதற்கு உதிரிபாகம் கேட்டு வந்தவர்களை என் கடையில் அதிகம் கண்டதில்லை. ஃபீல்ட்ஸ் ஹில்லை மூன்றாம் கியரில் முனகாமல் ஏறியது. கூடிய எடை ஏற்றத்தில் தெரியவில்லை, ஹில்கிரஸ்ட்டில் ரோபோட்டில் (சிக்னல் விளக்கில்) நின்று கிளம்பும்போதுதான் தெரிகிறது. கிளட்ச் கனம்; இடது கால் மறுநாள் நினைவூட்டியது.

கூரை திறந்திருக்கும்போது மணிக்கு 80 கிலோமீட்டர் வரை முன்னிருக்கையில் சாதாரணக் குரலில் பேசலாம். அதற்கு மேல் காற்று முன்கண்ணாடியைத் தாண்டி வந்து பிடரியில் அடிக்கிறது. பின்னிருக்கையில் இருந்த அக்கா மகன் போத்தாஸ் ஹில்லில் இறங்கியபோது தலைமயிர் கலைந்து சிலிர்த்து நின்றது. போத்தாஸ் ஹில்லுக்கு அப்பால் ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று தேடாமல் தலைக்கு மேலிருந்து கால் வரை ஒரே வீச்சில் தெரிகிறது. கூரையில்லாத காருக்கு ஆகும் தொல்லைகளை மனிதர்கள் ஏன் பொறுத்துக்கொள்கிறார்கள் என்பது எனக்கு அங்கேதான் புரிந்தது.

நடுக்கம் இருக்கிறதா? இருக்கிறது. ரயில் தண்டவாளத்தைக் கடக்கும்போது டாஷ்போர்டும் ஸ்டீயரிங் தண்டும் ஒருகணம் ஒன்றோடொன்று பேசாமல் போகின்றன. உள்கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரிகிறது. ஒட்டுப்போட்ட தாரில் அது தொடர்ந்து மெல்லிய அதிர்வாக விரலில் தெரியும். தொழிற்சாலையிலேயே திறந்த காராகப் பிறந்த பழைய கார்களிலும் இவ்வளவு நடுக்கம் உண்டு என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். மூடிய 122-ஐ ஓட்டிப் பழகியவர் மட்டும் முதல் பத்து நிமிடம் ஏதோ போல்ட் தளர்ந்துவிட்டதோ என்று பயப்படுவார்.

திரும்பும் வழியில் ஹில்கிரஸ்ட்டில் மழை பிடித்துக்கொண்டது. துணிக்கூரையை மேலே இழுப்பதற்கு இருவர் வேண்டும். பழகிய உரிமையாளர் ஒரே ஆளாக ஒரு நிமிடத்தில் செய்துகாட்டினார், நாங்கள் இருவரும் நனைந்துகொண்டே நான்கு நிமிடம் போராடினோம். முன்பக்கக் கொக்கி இரண்டையும் ஒரே நேரத்தில் மாட்ட வேண்டும். ஒன்றை மட்டும் மாட்டினால் மற்றொன்று எட்டாது. இரண்டு கதவு அமேசானின் கதவுக் கண்ணாடிக்கு முதலில் இரும்புச் சட்டம் இருந்தது. கூரையோடு அதையும் வெட்டியாக வேண்டியிருப்பதால், கண்ணாடி இப்போது தனியே நின்று துணியோரத்து ரப்பரில் போய்ச் சாய்கிறது. நீர் புகுமிடமும் அதுவே. முன்கண்ணாடித் தூணும் கதவுக் கண்ணாடியும் துணியும் சந்திக்கும் மூலையில் ஒரு சொட்டு திரளும்; வண்டி திரும்பும்வரை பொறுமையாகத் தொங்கிக்கொண்டிருந்துவிட்டு, திரும்பியதும் இடப்பக்கம் உட்கார்ந்திருப்பவரின் முழங்காலில் சரியாக விழும். பட்டு வேட்டிக்காரரை அந்த இடத்தில் உட்கார வைக்காதீர்கள். பின்னால் தைத்திருக்கும் ஒளிபுகும் பிளாஸ்டிக் சன்னலும் டர்பன் வெயிலில் மஞ்சள் பூத்துவிட்டது.

மடித்த கூரையின் இரும்புக் கைகள் பின்னிருக்கையின் இரு பக்கமும் நான்கு விரல் அகலத்தை எடுத்துக்கொள்கின்றன. மூவர் உட்காரும் இருக்கையில் இப்போது இருவர், வேண்டுமானால் நடுவில் ஒரு குழந்தை. முன்னிருக்கைகள் அந்தக் காலத்து வால்வோவின் புகழ்பெற்ற இருக்கைகளேதான். புதிய ரெக்சின் போட்டிருந்தாலும் உள்ளமைப்பை மாற்றவில்லை. என் இடுப்பு அதற்கு நன்றி சொன்னது. கிடைக்கோடாக ஓடும் வேகமானியும் வேலை செய்கிறது. வேகம் கூடக்கூடச் சிவப்புப் பட்டை வெப்பமானிப் பாதரசம் போல் நீள்வதை அக்கா மகன் படமெடுத்துக்கொண்டே இருந்தான்.

இனிக் குறைக்கு வருகிறேன். ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கம், 2013-இல் ஒரு பெரிய லாரி கட்டுப்பாடிழந்து பல உயிர்களைக் குடித்த இறக்கம். முன்சக்கர டிஸ்க் பிரேக்குகள் நேராகவும் நம்பிக்கையாகவும் பிடித்தன. ஆனாலும் அந்த இறக்கத்தில் பிரேக்கை அழுத்திய ஒவ்வொரு முறையும் என் வலது கை தன்னை அறியாமல் தோளைத் தடவியது. அங்கே சீட் பெல்ட் பட்டை இல்லை. இடுப்பில் மட்டும் ஒரு வார்; பழைய விமானத்தில் கட்டுவது போல.

வேறு எந்தக் காராக இருந்தாலும் நான் இதை இவ்வளவு பெரிதுபடுத்தியிருக்க மாட்டேன். இன்று உலகம் முழுக்க எல்லாக் கார்களிலும் இருக்கும் மூன்றுமுனைப் பட்டை முதலில் பொருத்தப்பட்டதே 1959-இல் இந்த அமேசானிலும் அதன் அண்ணன் பிவி544-லும்தான். சாப் நிறுவனத்தில் போர்விமான ஓட்டிகளைத் தூக்கியெறிந்து காக்கும் இருக்கைகளில் வேலை செய்துவிட்டு வால்வோவுக்கு வந்த நில்ஸ் போலின், இடுப்பையும் மார்பையும் ஒரே வாரால், ஒரே கையால் கட்டும் வழியைக் கண்டார்; மற்ற நிறுவனங்களும் எடுத்துக்கொள்ளட்டும் என்று அந்தக் காப்புரிமையை வால்வோ எல்லாருக்கும் திறந்துவிட்டது. அப்படிப்பட்ட காரில், அந்தப் பட்டையின் மேல்முனை கதவுக்குப் பின்னுள்ள தூணில், தோளுக்கு மேலே போல்ட் போடப்பட்டிருக்கும். கூரையை அறுத்தபோது தூணின் மேற்பாதியும், அதோடு அந்த முனையும் போய்விட்டன. மிஞ்சிய குட்டைத் தூணில் பட்டையை மாட்டினால் என்ன என்று சிலர் கேட்பார்கள். கூடாது. மேல்முனை தோளைவிடத் தாழ்ந்திருந்தால், மோதும்போது பட்டை மார்பைப் பின்னால் பிடிப்பதற்குப் பதில் தோளைக் கீழ்நோக்கி அமுக்கி முதுகெலும்பை நசுக்கும். இடுப்புவாரோடு நிறுத்திக்கொண்டது அதைவிட மேல்தான். ஆனால் இடுப்புவார் மட்டும் இருந்தால் மார்பும் முகமும் ஸ்டீயரிங்கை நோக்கித்தான் போகும்.

தீர்வு இல்லாமல் இல்லை. முன்னிருக்கைகளுக்குப் பின்னால், பலப்படுத்திய இரு சில்களிலும் வேர்விட்டு எழும் ஓர் இரும்பு வளைவை நிறுத்தினால், பட்டைக்கு மேல்முனை கிடைக்கும், கார் கவிழ்ந்தாலும் தலைக்குக் காவல், உடல் நடுக்கமும் குறையும். 1979-இல் வந்த ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கேப்ரியோலேவில் அப்படி ஒரு வளைவு இருந்தது. கைப்பிடி வைத்த பழக்கூடை என்று அதைக் கேலி செய்தவர்களும் வாங்கினார்கள். உரிமையாளரிடம் இதைச் சொன்னேன். “வளைவு வந்தால் போட்டோவில் நன்றாக இருக்காது, அங்கிள், மாப்பிள்ளை வீட்டார் இதைத்தான் முதலில் பார்க்கிறார்கள்” என்றார். வாடகைத் தொழிலில் இருப்பவரின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில்லுக்கு அத்தனை பணத்தைக் கொட்டியவர், கண்ணுக்குத் தெரியும் என்பதற்காக வளைவை மறுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கெலாவ் கதவையும் சில்லையும் பார்த்துத் தலையசைத்திருப்பார். இடுப்புவாரைக் கண்டதும் சாவியைத் திருப்பிக் கொடுத்திருப்பார்.

கல்யாணத்தன்று நான் செய்த ஏற்பாடு இதுதான். சாட்ஸ்வர்த்திலிருந்து மவுண்ட் எட்ஜ்கோம் வரை என்2 நெடுஞ்சாலையில் மாப்பிள்ளை வேறு காரில் வந்தான். வால்வோவை நான் தனியே, இடப்பக்கத் தடத்தில், 80-ஐத் தாண்டாமல் கொண்டுபோனேன். மண்டபத்துக்கு முன் அரைக் கிலோமீட்டரில் ஆள் மாறியது. அந்த அரைக் கிலோமீட்டருக்கு இதைவிடப் பொருத்தமான கார் இல்லை. மடித்த கூரைக்கு முன்னுள்ள பின்மேடையில், கீழே சுவர் எழுப்பிப் பலப்படுத்திய அதே இடத்தில், மாப்பிள்ளையும் தோழனும் ஏறி உட்கார்ந்தார்கள்; தகடு ஒரு முனகலும் எழுப்பவில்லை. நாதஸ்வரம் முன்னே போக, ஆள் நடக்கும் வேகத்தில் முதல் கியரில் இருபத்தைந்து நிமிடம் ஊர்ந்தும் வெப்பமுள் நடுவை விட்டு நகரவில்லை. ஆரத்திக்காக எஞ்சினை நிறுத்திவிட்டுத் திரும்பக் கிளப்பியபோது மட்டும் சூட்டில் கொஞ்சம் மக்கர் செய்தது. ஆக்சிலரேட்டரைப் பாதிவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுற்றியதும் எடுத்துக்கொண்டது. பழைய 122 வைத்திருந்த என் வயது மாமாக்கள் ஒவ்வொருவராக வந்து பானெட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனதில் மாப்பிள்ளையைக் கவனிக்க ஆள் குறைந்துவிட்டது என்று அக்காவுக்கு இன்னும் வருத்தம்.

வாடகை நாளொன்றுக்கு 4,500 ரேண்ட், நூறு கிலோமீட்டர் வரை. முன்பணம் அதே அளவு, திருப்பிக் கொடுத்த அன்றே வங்கிக்கு வந்துவிட்டது. ஓட்டுநரோடும் கிடைக்கும், ஓட்டுநரில்லாமல் கொடுக்க ஐம்பது வயதுக்கு மேல் பார்க்கிறார். பதிவுத்தாளும் ரோட்வொர்தி (சாலைத் தகுதி) சான்றும் கேட்பதற்கு முன்பே உறையிலிருந்து எடுத்து நீட்டினார். பூமாலை கட்டக் கம்பியோ ஒட்டுநாடாவோ பெயிண்டில் படக்கூடாது என்பது அவருடைய ஒரே நிபந்தனை. அதற்கென்று துணிநாடா அவரே தருகிறார். ஊர்வலத்துக்கு மட்டும் என்றால் தயங்காமல் எடுக்கலாம். குடும்பத்தோடு பீட்டர்மாரிட்ஸ்பர்க் போய்வரலாம் என்று நினைத்து எடுப்பதானால் வேண்டாம் என்பேன்.

திங்கட்கிழமை காலை சாவியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் டிக்கியிலிருந்து ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியை எடுத்துத் திறந்து காட்டினார். கூரையை அறுத்தபோது கழற்றிய இரண்டு பட்டைகளும், சாம்பல்நிற வார் சுருட்டப்பட்டு, போல்ட்டுகள் தனியே காகிதத்தில் பொதிந்து உள்ளே இருந்தன. வளைவுக்கு என்ன செலவாகும் என்று கேட்டார். ஜேக்கப்ஸ் பக்கம் எனக்குத் தெரிந்த பட்டறை ஒன்றின் எண்ணைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.